தங்காத கஞ்சி

கஞ்சியின் மேல் ஆடை படர்ந்துவிட்டது. ஸ்பூனால் அதை ஒதுக்கினால் அடியில் இருக்கும் மஞ்சள் தெரியும், தெரிந்தால் வயிறு இப்போதே சுருட்டிக்கொள்ளும், அதனால் ஒதுக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அவர் மத்தியானம் பட்டறையிலிருந்து வந்து, தான் சாப்பிட்டு, எனக்குப் பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, அந்தப் புரோட்டீன் மாவைக் கரைத்துக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டுப் போனார். "மெதுவா குடி அம்சா. அவசரமில்ல. சாயந்திரம் வந்தர்றேன்" என்றார். லேத் பட்டறைக்காரர் கையில் எண்ணெய் வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. கல்யாணமான புதிதில் எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. இப்போது கிண்ணத்தின் விளிம்பில் அது ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. கிண்ணத்துக்குள் இரண்டு ஸ்பூன்கள் கிடக்கின்றன. அவர் எதற்கு இரண்டு வைத்தார்? ஒன்றை எடுக்கப் போனேன், விரல் மேசையில் இடித்தது. இன்னொன்றை எடுக்கப் போனேன், கிடைத்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒரே ஸ்பூன். திறந்தால் மறுபடியும் இரண்டு, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தமாதிரி. கண்ணாடி பவர் மாறியிருக்கும். உடம்பு இத்தனை இளைத்தால் கண் மட்டும் அப்படியே இருக்குமா? ஜன்னல் கம்பிகளும் காலையிலிருந்து இரண்டு இரண்டாகத்தான் நிற்கின்றன. நேற்றும் அப்படித்தான் இருந்ததோ? நேற்று என்ன கிழமை? ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம். ஒரு வாய் விழுங்கு, பொறு, அப்புறம் அடுத்த வாய். டயட்டீஷியன் ஷெரின் சொல்லிக்கொடுத்தது. என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரிய பெண், ஆனால் பேசும்போது தலைமையாசிரியை மாதிரி. "அக்கா, உங்க வயிறு இப்ப ஒரு சின்ன வாழைக்காய் மாதிரி. பழைய பையின்னு நெனச்சு ஊத்தினீங்கன்னா மேல வந்துரும்." விழுங்கினேன். தொண்டையைத் தாண்டியது, நெஞ்சுக்கு நடுவில் நின்றது. அங்கே ஒரு கதவு இருக்கிறது. கதவுக்கு முன்னால் கஞ்சி நின்று தட்டிக்கொண்டிருக்கிறது. திறக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். வாயில் எச்சில் ஊறத் தொடங்கிவிட்டது, உப்பாக, நிறைய. இது வந்துவிட்டால் பிறகு நேரமில்லை. வாஷ்பேசின் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும்.

குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பது எனக்குப் பழகிவிட்டது. வீட்டில் ஒருவரும் இல்லாதபோதும் கை தானாகவே குழாயைத் திருகுகிறது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் சத்தத்தை வைத்துவிடலாம். உடம்பு இளைக்க வயிற்றை வெட்டிச் சிறிதாக்கிய ஆபரேஷன் முடிந்து முதல் இரண்டு மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. தெளிந்த மோர், இளநீர், பருப்புத்தண்ணீர், எல்லாம் இறங்கின. கெட்டியாகத் தொடங்கியபோதுதான் இது ஆரம்பித்தது. முதல் நாள் அவசரமாகக் குடித்தேன் என்று நினைத்தேன். மறுநாள் வெயில் என்று நினைத்தேன். அதற்கப்புறம் காரணம் தேடுவதை விட்டுவிட்டேன். குடித்தது வெளியே வருவதும் ஒரு வேலை, பல் தேய்ப்பதுபோல, முகம் கழுவுவதுபோல. ஷெரின் முதலிலேயே சொன்னாள், "வாந்தி ஒரு நாளுக்கு மேல நிக்கலேன்னா என்னைக் கூப்பிட்டே ஆகணும்க்கா, வெக்கப்படக்கூடாது." வாராவாரம் அவளே போனில் கேட்பாள், எப்படி இருக்கீங்க என்று. நன்றாக இருக்கிறேன் என்பேன். நன்றாக இல்லை என்று சொன்னால் அவள் என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள், இவர் தன் அக்காவிடம் சொல்லுவார், அண்ணி ஒண்டிப்புதூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். வந்து ஒன்றும் சொல்லமாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தச் சும்மா உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஆபரேஷனுக்கு முன்னால் இதே கூடத்தில், இதே மேசைக்கு முன்னால், "நல்லா இருக்கற வயித்தை யாராச்சு அறுத்து எறிவாங்களா? வாயைக் கட்ட முடியாதவங்க பண்ற வேலை இது" என்றார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பேசினேன். முட்டி தேய்ந்துபோனதை, சர்க்கரை ஏறினதை, வகுப்பில் போர்டுக்கும் மேசைக்கும் நடுவில் நடப்பதற்கே மூச்சு வாங்குவதை, எல்லாவற்றையும் ஒரு பாடம்போலச் சொன்னேன். "பட்டினி கெடந்து பாத்தாச்சுங்க அண்ணி. நடந்து பாத்தாச்சு. எல்லாம் பாத்துட்டுத்தான் போறேன்." அவர் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "உன் இஷ்டம் கண்ணு. அப்புறம் ஒண்ணுன்னா எங்களைச் சொல்லக்கூடாது" என்றார். ஒன்று ஆகிவிட்டது. யாரைச் சொல்வது?

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. வந்தது கொஞ்சம்தான், நுரை, மஞ்சள், கடைசியில் ஒரு பச்சைக் கசப்பு. கண்ணாடியில் இருப்பவளைப் பார்க்கிறேன். கன்னம் உள்ளே போய்விட்டது. கழுத்தில் தோல் மடிந்து தொங்குகிறது, யாரோ ஒரு பெரிய ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல. போன வாரம், அல்லது அதற்கு முந்தின வாரம், பள்ளிக்கூடத்திலிருந்து சுகுணா டீச்சர் பார்க்க வந்தார். "ஏனுங் அம்சவேணி, காத்துல பறந்துருவீங்க போல! எங்களுக்கும் சொல்லுங்க ரகசியத்தை" என்று கையைத் தட்டினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது, சந்தோஷத்தில். அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒவ்வொரு முறை குழாயைத் திருகும்போதும் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, எடை இன்னும் கொஞ்சம் குறையும் என்று. ஆண்டுவிழாவில் நடுவர்களுக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி என் அடியில் கால் விரித்துக்கொண்டு படுத்தபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டவர்களின் முகம்தான் இன்னும் மோசம். டவுன்பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு விரலைக் காட்டி எனக்கு இரண்டு டிக்கெட் என்று ஜாடை செய்தான். தையல்காரர் அளவு நாடாவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "இன்னொரு நாடாவை ஒட்டிக்கலாங்களா" என்றார். இவையெல்லாம் இந்தத் தண்ணீரோடு போகின்றன என்று நினைத்தேன். போகட்டும், போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் இப்போது போய்க்கொண்டிருப்பது எது என்று தெரியவில்லை. கண்ணாடியில் இருப்பவளுக்கு ஒரு மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு. அவளுடைய கண்கள் நிற்கவில்லை. ஓரத்துக்குப் போய்த் திரும்புகின்றன, போய்த் திரும்புகின்றன, ஊசல்போல. நான் ஆட்டவில்லை. நிறுத்தவும் முடியவில்லை. குழாயை மூடினேனா?

போன் அடிக்கிறது. மிருதுளா. மகள், திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள், இந்த நேரத்தில் லேப் முடிந்து வீடியோவில் கூப்பிடுவாள். மறுபடி எப்படி நாற்காலிக்கு வந்தேன் என்று தெரியவில்லை, வந்து உட்கார்ந்திருக்கிறேன், போன் கையில் இருக்கிறது. முகத்தைத் துடைத்தேன். "என்னம்மா பண்றே?" என்றாள். "சும்மா உக்காந்திருக்கேன் கண்ணு." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். ரெண்டு இட்லி, சாம்பார்ல ஊறவெச்சு." சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இட்லியா? இட்லியின் ஆவி, சாம்பாரில் மிதந்த கொத்தமல்லி, அண்ணி தட்டைக் கொண்டுவந்து வைத்தது, எல்லாம் அப்படியே கண்ணில் நிற்கிறது. ஆனால் அண்ணி ஆபரேஷனுக்கு முன்னால் போனவர்தான், இந்தப் பக்கமே வரவில்லை. இது பொய்யா? பொய் சொன்னால் சொல்லும்போதே தெரியுமே. இது நடந்ததுபோல்தான் இருக்கிறது. மிருதுளாவின் முகம் போனுக்கு ரொம்பக் கிட்டே வந்தது. "அம்மா, உன் கண்ணு ஏன் இப்படி ஆடுது?" "வெளிச்சம் கண்ணு. ஜன்னல் வெளிச்சம்." "இல்லம்மா. நேரா என்னையப் பாரு. பாரும்மா. அய்யோ, தன்னால ஆடுது. அப்பா எங்கே?" "பட்டறைல. அவரைத் தொந்தரவு பண்ணாதே. பவர் மாறியிருக்குது, நாளைக்குப் போய்ப் பாத்துக்கறேன்." "காலைலயும் இதையேதாம்மா சொன்னே." காலையில் இவள் எங்கே கூப்பிட்டாள்? காலையில் யாருமே கூப்பிடவில்லை. நான் அப்படிச் சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஹாஸ்டல் வராந்தாவில் யாரோ சிரித்துக்கொண்டே ஓடினார்கள். "அம்மா, போனை வெக்கறேன். நீ எழுந்திரிக்காதே. அங்கேயே உக்காரு" என்றாள். குரல் உடைந்திருந்தது. பரீட்சை பயமாக இருக்கும்.

எழுந்திரிக்காதே என்றால் எழுந்திருக்கவேண்டும்போல் இருக்கிறது. எதற்கோ எழவேண்டியிருந்தது. மாத்திரை. ஆமாம், மாத்திரை சமையலறை அலமாரியில் இருக்கிறது. ஷெரின் கொடுத்த சத்து மாத்திரைகள், பெரிது பெரிதாக, குதிரைக்குப் போடுவதுபோல. "இதை மட்டும் விட்றாதீங்கக்கா. சாப்பாட்டுலருந்து கெடைக்கற சத்து இப்ப உங்களுக்குப் பத்தாது. ஒடம்புல இருக்கற சேமிப்பு கொஞ்ச நாளைக்குத்தான் வரும்." அவை நெஞ்சில் சிக்கிக்கொண்டு எரிந்தன, அப்புறம் வாந்தியோடு முழுசாக வந்தன, நிறம்கூட மாறாமல். இரண்டு முறை அப்படி ஆனதும் விட்டுவிட்டேன். வாந்தி நின்றதும் மொத்தமாகச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். இப்போது போடலாம். சுவர் இந்தப் பக்கம் இருக்கிறது. காலை அகட்டி வைத்தால் விழமாட்டேன், கப்பலில் நடப்பவர்கள் அப்படித்தான் நடப்பார்களாம், எங்கே படித்தேன்? தரை எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியவில்லை. பஞ்சின் மேல் வைப்பதுபோல் இருக்கிறது, பஞ்சுக்குள் ஊசி. ஒரு செருப்பு கூடத்தின் நடுவில் கிடக்கிறது. என்னுடையதுதான். காலிலிருந்து அது எப்போது கழன்றது? கழன்றது தெரியவேண்டாமா? குனிந்து எடுக்க நினைக்கிறேன், குனிந்தால் தலைக்குள் இருக்கும் எல்லாம் ஒரு பக்கம் சரியும்போல் இருக்கிறது, விட்டுவிடுகிறேன். பயப்படக்கூடாது. பயம் வந்தால் வகுப்பில் செய்வதைச் செய்யவேண்டும். எட்டாம் வகுப்புப் புவியியல், தமிழ்நாட்டு ஆறுகள், வடக்கிலிருந்து தெற்கு. பாலாறு. பெண்ணை. வெள்ளாறு. காவிரி. காவிரியோடு சேர்கிறவை, நொய்யல், அமராவதி, அப்புறம், அப்புறம் ஒன்று இருக்கிறது. நீலகிரியில் பிறக்கிறது. பெயர் உதட்டுக்குப் பின்னால் நிற்கிறது. அதன் கரையில் ஒரு கோயில் இருக்கிறது, இரண்டு ஆறு சேருகிற இடம், நான் மிருதுளாவுக்கு மொட்டை போட்ட இடம். ஈரப்படி, பிள்ளையின் மொட்டைத்தலையில் சந்தனம், இவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது, எல்லாம் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. இருபது வருஷமாக நான் போர்டில் எழுதின பெயர். பாலாறு, பெண்ணை, வெள்ளாறு, காவிரி, நொய்யல், அமராவதி. அந்த இடத்தில் பல் விழுந்ததுபோல் ஒரு பள்ளம். நாக்கு அங்கேயே போய்ப் போய்த் துழாவுகிறது.

சமையலறையில் தீய்ந்த வாசனை. அடுப்பின் மேல் பால் பாத்திரம் கறுத்துக் கிடக்கிறது, அடியில் பால் கரியாகி ஒட்டியிருக்கிறது, நெருப்பு நீலமாக எரிந்துகொண்டேயிருக்கிறது. யார் வைத்தது? அவர் வைத்துவிட்டு மறந்து போயிருப்பார். இல்லை, அவர் வைக்கமாட்டார், பட்டறைக்காரர், எந்த சுவிட்சையும் இரண்டு தடவை பார்ப்பவர். நான்தான் வைத்திருக்கவேண்டும். நான் இங்கே வரவே இல்லையே. இரண்டு நெருப்பு எரிகிறது, எந்தத் திருகை மூடுவது? ஒரு கண்ணை மூடிக்கொண்டு திருகினேன். அணைந்தது. அணைந்ததா? கையை நீட்டிப் பார்க்கிறேன், சூடு இருக்கிறது, சூடுதான் இருக்கிறது, நெருப்பு இல்லை. கால் மடங்கிவிட்டது. விழவில்லை, மெதுவாக உட்கார்ந்தேன், அல்லது விழுந்தேன், அலமாரிக் கதவில் முதுகு சாய்ந்திருக்கிறது. தரை குளிர்ச்சியாக இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் மேடைக்கு அடியில் ஒரு வெங்காயச் சருகு, ஒரு பட்டாணி. அம்மாவும் இப்படித்தான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் என்னைப்போலப் பெரிய உடம்பு. நான் அப்போது பிளஸ் டூ. என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை கண்ணு, தலை சுத்துது, அப்பாகிட்டச் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை. அப்பா பஜாரிலிருந்து வரும்போது அவள் ஒரு பக்கம் வாய் கோணி, பேச்சு போய், ஒரு கையால் மறு கையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் நான்கு வருஷம் படுக்கையில். யாரிடமும் சொல்லாதே என்ற பேச்சு எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு எங்கிருந்து வந்தது? அம்மாவுடைய கதி எனக்கு வரக்கூடாது என்றுதான் வயிற்றை வெட்டிக்கொண்டேன். வெட்டிக்கொண்டு அதே தரையில் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லிவிடவேண்டும். யாரிடமாவது சொல்லிவிடவேண்டும். போன் கூடத்து மேசையில் இருக்கிறது. கூடம் அங்கே இருக்கிறது, வாசற்படிக்கு அப்பால், வெளிச்சத்தில், எழுந்து போனால் போய்விடலாம். எழ முடியவில்லை. கால்கள் இருக்கின்றன, பார்க்கிறேன், நீட்டிக்கொண்டு கிடக்கின்றன, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவைபோல.

காலிங்பெல். மறுபடியும் காலிங்பெல். "அம்சா! அம்சா, கதவைத் தொற!" இவர் இல்லை, பெண் குரல். சுகுணா டீச்சரா? "மிருது இப்பத்தான் போன் பண்ணிச்சு. கதவைத் தொற கண்ணு!" அண்ணி. நெஞ்சுக்குள் அந்தக் கதவு இன்னும் இறுக்கமாக மூடுகிறது. போய்விடட்டும், தூங்குகிறேன் என்று நினைத்துப் போய்விடட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் ஒளிந்து விளையாடும் பிள்ளைபோல. பெல் நின்றது. நின்றதும் வீடு முழுவதும் ஒரு அமைதி வந்து இறங்கியது, தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேல். குழாய், குழாயை நான் மூடவே இல்லை. அந்த அமைதியில் எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணி போய்விட்டால் நான் இங்கேயே இருப்பேன், சாயந்திரம் இவர் வரும்போது அம்மா இருந்ததுபோல் இருப்பேன். "அண்ணி" என்றேன். எனக்கே கேட்கவில்லை. கையை ஊன்றி, முழங்காலை இழுத்து, நகர்ந்தேன். சமையலறை வாசற்படி மார்பில் இடித்தது. கூடத்தில் என் செருப்பைத் தாண்டினேன். "அண்ணி, போயிராதீங்க" என்று கத்தினேன். "போகலே சாமி, போகலே, இங்கதான் நிக்கறேன்" என்று கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் தரைக்குப் பக்கத்தில் வந்தது, அவரும் உட்கார்ந்துவிட்டார்போல. "மெதுவா வா. எவ்வளவு நேரமானாலும் சரி. தாழ்ப்பாள் மட்டும் தொறந்துரு." தாழ்ப்பாளைப் பிடிக்கக் கை போய்ப் போய் வெறும் மரத்தைத் தொட்டது. ஒரு கண்ணை மூடினேன். இழுத்தேன்.

அண்ணி என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல், பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். அவர் முகம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டு முகத்திலும் நான் எதிர்பார்த்தது இல்லை. எங்களைச் சொல்லக்கூடாது என்று சொன்ன வாய் திறந்தபடியே இருந்தது. சொல்லவேண்டியதை நினைவு போவதற்குள் சொல்லவேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன். "அண்ணி, எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. கால் என்னோடதில்லைங்கற மாதிரி இருக்குது. எதைக் குடிச்சாலும் வாந்திங்க. ரொம்ப நாளா. அவருக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது." அவர் என் உதட்டோரத்தை முந்தானையால் துடைத்தார். அப்புறம், "ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லலே?" என்றார். "நீங்க சொன்னீங்கள்ல. ஒண்ணுன்னா எங்களைச் சொல்லக்கூடாதுன்னு." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பேசத் தெரியாத வாய்டி இது. இந்த வாய்க்குப் பயந்துட்டுத்தானா இப்படிக் கெடந்தே?" என்று தன் வாயில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். சத்தமாகவே. எனக்கு அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை, உடம்பில் தண்ணீர் இல்லைபோல. "எந்திரி. முக்குல இருக்கற கிளினிக்ல போய் ஒரு குளுகோஸ் பாட்டில் ஏத்தினா தெம்பு வந்துரும்" என்று என் போனை எடுத்தார், இவரைக் கூப்பிட. அது கையில் இருக்கும்போதே அடித்தது. ஷெரின். மிருதுளா அவளையும் கூப்பிட்டிருக்கிறாள், என் பெண், நான் பரீட்சைக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்த பெண். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார். "வாந்தி ரொம்ப நாளா? கண் ரெண்டாத் தெரியுதா? நடக்க முடியலையா? தெளிவாப் பேசறாங்களா?" ஒவ்வொன்றுக்கும் அண்ணி ஆமாம் ஆமாம் என்றார், கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "பக்கத்துக் கிளினிக்ல ஒரு குளுகோஸ் போட்டுட்டு வந்தர்றோம் கண்ணு" என்றார். "வேண்டாங்க!" ஷெரினின் குரல் கூடத்தில் அறைந்தது. "குளுகோஸை மட்டும் ஏத்தக்கூடாதுங்க. அவங்க ஒடம்புல ஒரு விட்டமின் சுத்தமாத் தீந்துபோயிருக்கு, பி ஒண்ணு. மூளைக்கு அது வேணும். அதைக் குடுக்காம சர்க்கரைத் தண்ணி ஏத்தினா மூளை இன்னும் கெட்டுரும். எங்கயும் நிக்காம நேரா இங்க வாங்க. ஊசியோட காத்திருக்கோம்."

ஆட்டோ. டிரைவரும் அண்ணியும் என்னை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினார்கள். வெயில் சாய்ந்திருக்கிறது. அவினாசி ரோட்டில் பாலத்துத் தூண்கள் ஒன்றுக்கு இரண்டாக வந்து வந்து போகின்றன, நடுவில் எதன் மேலும் மோதாமல் ஆட்டோ எப்படிப் போகிறது? அண்ணி என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு போனில் இவரிடம் பேசுகிறார், "நீ பட்டறையைப் பூட்டீட்டு வா. கேள்வி கேக்காதே, வா." அண்ணியின் புடவையில் கற்பூர வாசனை, கோயிலுக்குப் போய்விட்டு வந்திருப்பார். எனக்குத் தூக்கம் வருகிறது. "தூங்காதே. எதாச்சு பேசு. பாடம் சொல்லு" என்கிறார். எந்தப் பாடம்? பாலாறு என்கிறேன். அப்புறம்? அப்புறம் பாலாறு. ஒரு சிக்னலில் நிற்கிறோம். பக்கத்துப் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை என்னைப் பார்த்துக் கை ஆட்டுகிறது, இரண்டு குழந்தைகள், இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும். எனக்கும் கை ஆட்டவேண்டும்போல் இருக்கிறது. எங்கே போகிறோம் என்று கேட்கவேண்டும், ஆனால் கேட்டால் அண்ணி வருத்தப்படுவார் என்று ஏனோ தோன்றுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் படி இறங்கி ஓடி வருகிறாள். தலைமையாசிரியை மாதிரிப் பேசுகிறவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்னை யாருன்னு தெரியுதா?" என்கிறாள். தெரியும். பெயர் உதட்டுக்குப் பின்னால் நிற்கிறது.

வெள்ளைக் கூரை. கையில் ஊசி குத்தியிருக்கிறார்கள். மேலே தொங்கும் பாட்டிலில் இருப்பது மஞ்சளாக இருக்கிறது, சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கண்ணாடி போட்ட டாக்டர் கட்டிலருகில் நிற்கிறார், விரலை என் முகத்துக்கு நேராக நகர்த்துகிறார். "என் விரலையே பாருங்கம்மா. பேர் என்ன?" "அம்சவேணி." "வீடு எங்கே?" "சிங்காநல்லூர்." சரியாகத்தான் சொல்கிறேன். "இது எந்த இடம்?" நீளமான வராந்தா தெரிகிறது, பெஞ்சுகள், எங்கோ மணி அடிக்கிறது, யாரோ ஒரு கட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். "ஸ்டாஃப் ரூம்" என்கிறேன். தெரிந்த பதிலைச் சொன்ன பிள்ளைபோல் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவர் என் கணவரை ஓரமாக அழைத்துப் போகிறார். இவர் எப்போது வந்தார்? பட்டறைச் சட்டையோடு நிற்கிறார், பித்தான் மாற்றிப் போட்டிருக்கிறார். மெதுவாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. "சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க. இன்னும் ஒரு நாள் போயிருந்தா நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது. கண் ஆட்டம் ரெண்டொரு நாள்ல நின்னுரும். நடை தேற மாசக்கணக்காகும், குச்சி பிடிச்சு நடக்க வேண்டியிருக்கலாம். ஞாபகம்..." டாக்டர் நிறுத்துகிறார். "ஞாபகம்?" என்கிறார் இவர். "கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாதுங்க. புதுசா நடக்கறது உள்ள பதியறதுலதான் சிரமம் இருக்கும்." இவர் சுவரில் கை வைத்துக்கொள்கிறார். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்? பாவம், யாரோ. இவர் எதற்கு இப்படி உடைந்துபோகவேண்டும், பட்டறையில் யாருக்காவது அடிபட்டுவிட்டதா?

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் அண்ணி உட்கார்ந்திருக்கிறார். பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அண்ணியோடு ஏதோ மனஸ்தாபம் இருந்ததே, எதற்கு என்று தெரியவில்லை, எதுவாக இருந்தால் என்ன, வந்துவிட்டாரே. "எப்பங்க அண்ணி வந்தீங்க?" என்கிறேன். பாட்டிலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பி, "அப்ப இருந்து இதையேதான் கேட்டுட்டு இருக்காங்க" என்கிறாள். அண்ணி அவளைப் பார்த்துத் தலையை மெல்ல அசைக்கிறார், வேண்டாம் என்று. பிறகு என் பக்கம் குனிகிறார். "இப்பத்தாங் கண்ணு வந்தேன். உன்னையப் பாத்துட்டுப் போலாம்னு." "பஸ்லயா?" "பஸ்லதான்." "கூட்டமா இருந்துச்சுங்களா?" "நல்ல கூட்டம். நின்னுட்டேதான் வந்தேன்." முட்டிவலிக்காரர், இத்தனை தூரம் நின்றுகொண்டே வந்திருக்கிறார். உட்காருங்க அண்ணி என்கிறேன். "உக்காந்துக்கறேன் சாமி" என்கிறார், உட்கார்ந்தபடியே. அவர் கண் சிவந்து வீங்கியிருக்கிறது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லைபோல, என்னிடம் மறைக்கிறார். கேட்கலாம், மெதுவாகக் கேட்கலாம், எடுத்த எடுப்பில் கேட்டால் நன்றாக இருக்காது. முதலில் வந்தவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டும். "அண்ணி" என்கிறேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். "எப்பங்க வந்தீங்க?"